ஹைட்ராலிக் சிலிண்டர் பேரலில் நேரடியாக பிராக்கெட் பற்றவைக்கலாமா?

விறகுவெட்டி:
மரம் பிளக்கும் மெஷின் ஒன்றைச் சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறேன். சட்டம் முடிந்துவிட்டது. பழைய லோடரில் இருந்து கழற்றிய, ஆயில் அழுத்தத்தில் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர் கிடைத்தது: உள்விட்டம் 63 மி.மீ., ராடு 35, ஓட்டம் 500. அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வு 150 பாரில் இருக்கிறது. ஆனால் அடிப்பக்கத்துக் கண்ணை (பின் மாட்டும் வளையத்தை) யாரோ கேஸ் கட்டரால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். பேரலின் (வெளிக்குழாயின்) நடுவில் இரண்டு பக்கமும் 12 மி.மீ. பிளேட் பற்றவைத்து, சட்டத்தோடு போல்ட் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். சீல் உருகிவிடுமோ என்பதுதான் பயம். ஈரத்துணி சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் போதாதா? கிளாண்டை (ராடு வெளியே வரும் பக்கத்து மூடியை) கழற்றும் ஸ்பானர் என்னிடம் இல்லை, அதனால்தான் இந்தக் கேள்வி.

தீப்பொறி:
நான் இரண்டு சிலிண்டரில் அப்படித்தான் செய்தேன், இன்றும் ஓடுகிறது. ஆயிலை உள்ளேயே விட்டுவிடுங்கள், அது சூட்டை இழுத்துக்கொள்ளும்.

பழைய ஃபிட்டர்:
ஆயிலை உள்ளே விடும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். போர்ட் (ஆயில் போய்வரும் வாய்) இரண்டும் அடைத்திருந்தால் சூட்டில் ஆயில் விரியும், ஆவியாகும், போக வழி இருக்காது. குழாய் வெடிக்கும், இல்லாவிட்டால் ராடு பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். போர்ட்டைத் திறந்து வைத்தாலும், வெளியே வரும் ஆயில் ஆவி பற்றிக்கொள்ளும். காலி செய்து, கழுவி, இரண்டு போர்ட்டும் திறந்த நிலையில்தான் நெருப்பு வைக்க வேண்டும். கழுவுவதற்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டாம். அதன் மிச்சம் ஆர்க்கில் பட்டால் பாஸ்ஜீன் வாயு வரும், ஆளைக் கொல்லும் சரக்கு அது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி, சீல் சின்னக் கவலை. சாதாரண நைட்ரைல் சீல் 100 டிகிரியை ஒட்டியே கெட்டுப்போக ஆரம்பிக்கும், ஈரத்துணியால் அதைக் காப்பாற்ற முடியாது. ஆனால் சீலை மாற்றிக்கொள்ளலாம், பேரலை என்ன செய்வீர்கள்? உள்பக்கம் ஹோன் செய்து (நுணுக்கமாகத் தீட்டி) வழவழவென்று இருக்கும். வெளியே வெல்டு ஆறும்போது சுருங்கி, குழாயையும் கூடவே இழுக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்வாங்கினால்கூட பிஸ்டன் அங்கே பிடிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்தேன். பாதித் தூரம் வழுக்கிக்கொண்டு போகும், ஓரிடத்தில் நின்று முக்கும், அப்புறம் சட்டென்று தாண்டும். பிரித்தால் வெல்டுக்கு நேர் உள்ளே வளையம் மாதிரி ஒரு தேய்மானம். குழாயையே மாற்றினோம். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் பேரலைத் தொடாதீர்கள். அறுபட்ட கண் இருந்த அடிமூடியைக் கிரைண்டரால் சமமாக்கி, அதன் நடுவில் லக் (பின் மாட்டும் ஓட்டையுள்ள பிளேட்) வையுங்கள். அது தடித்த இரும்பு, சூடு உள்ளே போகுமுன் பரவிவிடும். மூடியையும் குழாயையும் சேர்க்கும் பழைய வெல்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்று. 63 உள்விட்டத்துக்கு 150 பார் என்றால் தள்ளும் விசை நாலே முக்கால் டன். அதை ஏன் வெல்டு தாங்க வேண்டும்? அடிமூடிக்குப் பின்னால் சட்டத்தில் தடித்த பிளேட் ஒன்றை வைத்து, மூடி அதன் மேல் நேராக உட்காரும்படி செய்யுங்கள். அப்போது லக்குக்கு வருவது திரும்பி இழுக்கும் விசை மட்டும்தான். கணுவுள்ள கட்டையில் ஆப்பு சிக்கினால் அதுவே மூன்று டன்னைத் தாண்டும், ஆகவே ஒப்புக்கு வைக்காமல் 6 மி.மீ. மூலை வெல்டாக (ஃபில்லட்) சுற்றிலும் போடுங்கள். 7018 எலக்ட்ரோடு, நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும்.

சீல் இல்லாமல் பிஸ்டனையும் ராடையும் மட்டும் உள்ளே போட்டு, இரண்டு முனையிலும் பின்னை மாட்டி, நேராக வரும்போது டேக் (சின்னப் பொட்டு வெல்டு) வையுங்கள். எர்த் கிளாம்ப் லக்கின் மேலேயே இருக்க வேண்டும். ராடில் மாட்டினால் கரண்ட் பிஸ்டன் வழியாகப் போய் குழாயின் உள்பக்கத்தில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். டேக் முடிந்ததும் உருவிவிட்டு முழு வெல்டு போடுங்கள்.

ஸ்பானருக்கு ஒரு பட்டைக் கம்பியில், கிளாண்டின் ஓட்டைகளுக்கு நேராக இரண்டு போல்ட்டைப் பற்றவையுங்கள், அது போதும்.

விறகுவெட்டி:
ராடு முனையில் ஃபோர்க் ஒன்றும் பற்றவைக்க வேண்டும். அதற்கும் இதே முறைதானா?

பழைய ஃபிட்டர்:
இல்லை. ராடின் மேல் இருப்பது குரோம். பற்றவைக்கும் இடத்தில் அதை முழுதாக அரைத்து எடுங்கள், குரோம் புகை நுரையீரலுக்கு விஷம். அரைக்கும்போதும் முகமூடி போடுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நடுத்தரக் கார்பன் எஃகு. குளிராக இருக்கும்போது பற்றவைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். 200 டிகிரி வரை சூடாக்கிவிட்டுப் பற்றவையுங்கள், அப்புறம் உலர்ந்த சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். ஈரத்துணியை இங்கே கிட்டவே கொண்டு வராதீர்கள். மீதி ராடைத் துணியால் சுற்றி மூடுங்கள், ஒரு பொறி ஒட்டினால்கூட கிளாண்ட் சீலை அறுத்துவிடும்.

தீப்பொறி:
என் இரண்டையும் இன்று கவனித்துப் பார்த்தேன். ஒன்று நடுவில் லேசாக முக்கத்தான் செய்கிறது. இத்தனை நாள் பம்ப்தான் சோடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விறகுவெட்டி:
பட்டைக் கம்பி ஸ்பானர் வேலை செய்தது. உருவிப் பார்த்தால், நான் இவ்வளவு பயந்த பிஸ்டன் சீல் ஏற்கெனவே கிழிந்து பாதிதான் இருக்கிறது. புது சீல் கிட் வந்ததும் லக் வேலையை ஆரம்பிக்கிறேன்.