புதுப்பிப்பு: ஈரல் தட்டைப்புழுவும் விரைவு ஆன்டிபாடி அட்டையும்

மலத்தில் முட்டை தெரியவில்லை என்றால் ஃபாசியோலா (ஈரல் தட்டைப்புழு) தொற்று இல்லை என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

பொலிவியாவின் ஆல்டிபிளானோ மேட்டுநிலம் போன்ற இடங்களில் நீரோரச் செடிகளைப் பச்சையாகத் தின்பதால் இந்தப் புழு தொற்றுகிறது. குஞ்சுப்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு போகும் முதல் 3, 4 மாதங்களில் முட்டை வெளிவராது. காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ் வலி, ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளையணு) ஏற்றம் எல்லாம் அப்போதுதான் கடுமை. புழுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியோ ரத்தத்தில் 2 முதல் 4 வாரத்திலேயே தென்படும். புழு சுரக்கும் கதெப்சின் எல் என்ற நொதியைப் ஆன்டிபாடியைப் பிடிக்கும் பொருளாக வைத்த விரைவுச் சோதனை அட்டைகள் இதற்கு உகந்தவை.

அட்டையில் நேரும் பிழைகள் பெரும்பாலும் கையாள்வதில்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால், உறையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த அட்டையில் ஈரம் படிந்து மாதிரியின் ஓட்டம் கெடும். குறித்த நேரம் தாண்டிப் பார்க்காதீர்கள், காய்ந்த சவ்வில் பொய்க்கோடு மங்கலாக எழும். சோதனை சரியாக ஓடியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது.

இன்னொன்று: நோயுற்ற மாட்டின் ஈரலைத் தின்றவர் மலத்தில் தொற்று இல்லாமலே முட்டை சும்மா கடந்துபோகலாம். சில நாள் ஈரல் தவிர்த்து மறுபடி மலம் பாருங்கள்.

டிரைக்ளாபென்டசோல் என்ற புழுமருந்து (உடல் எடை கிலோவுக்கு 10 மி.கி., உணவோடு) கொடுத்த பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில் நீடிக்கும். கோடு இன்னும் தெரிகிறதே என்று மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஈசினோஃபில் எண்ணிக்கை இறங்குகிறதா, ஸ்கேனில் புண் சுருங்குகிறதா என்று பாருங்கள்.