ஜனவரியில் கேதார்காந்தா: கைடு இல்லாமல் போகலாமா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை செல்லூர்க்காரன். நானும் மச்சானும் பொங்கல் லீவோடு ஒரு வாரம் சேர்த்து உத்தராகண்டில் பனியில் நடக்கப் போகலாம் என்று இருக்கிறோம். சதுரகிரி மூன்று தடவை ஏறியிருக்கிறோம், குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஒரு தடவை. பனி என்று பார்த்தது ஜனவரியில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் காலையில் படிந்திருக்கும் வெள்ளைதான். அங்கே உள்ள கேதார்காந்தா சிகரத்தில் கூட்டம் அதிகம் என்கிறார்கள். அதனால் போனில் மேப்பை இறக்கிக்கொண்டு, கைடு இல்லாமல் பக்கத்தில் ஆள் போகாத ஏதாவது பள்ளத்தாக்கு வழியாகப் போகலாமா? ஸ்னோஷூ வாங்கவா, அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

மலைக்கிறுக்கன்:

தம்பி, முதல் பனிக்கு அந்தக் கூட்டம்தான் உங்களுக்குக் காப்பு. வேறு கால்தடம் பதிந்த பாதை கிடைப்பது சும்மா இல்லை.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு சரிவைப் பாருங்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். கைத்தடியைச் சரிவில் படுக்க வைத்து, கொத்தனார் ரசமட்டம் வைக்கிற மாதிரி அதன் மேல் போனை வையுங்கள், கோணம் காட்டிவிடும். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்கணும். நீங்கள் ஆசைப்படுகிற பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மேலேயிருந்து பனி இறங்கி வந்து சேருகிற இடத்தில்தான் நீங்கள் நடப்பீர்கள். கேதார்காந்தா பாதை பெரும்பாலும் காட்டு வழி, அப்புறம் மலை முகடு. அதனால்தான் புதியவர்களை அங்கே அனுப்புகிறார்கள்.

பெரிய பனிப்பொழிவு நின்று ஒன்றிரண்டு நாள் வரை சரிவுப் பக்கம் போகவே கூடாது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், அதுதான் ஏமாற்றும். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுகிறது. உங்களுக்கு வேண்டியது உத்தரகாசி மாவட்டம்.

ஸ்னோஷூ வேண்டாம். அது இடுப்பளவு பொலபொலவென்று கிடக்கிற பனியில், மெதுவான சாய்வில் அமுங்காமல் நடக்க. நீங்கள் போகும் பாதை மிதிபட்டு இறுகிக் கண்ணாடியாகிக் கிடக்கும். ஷூவுக்கு மேல் மாட்டுகிற சங்கிலி முள், மைக்ரோஸ்பைக், அதுதான் வேண்டும்.

போடிக்காரன்:

ஸ்னோஷூவை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், குல்மார்க் மாதிரி இடங்களில் அது இல்லாமல் நாலு அடி வைக்க முடியாது. கேதார்காந்தாவுக்கு வேண்டாம் என்பது சரிதான்.

கைடு விஷயத்தில் மட்டும் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் இன்னும் மறக்கவில்லை. தீயும் பனியும் ஒன்றில்லை, ஆனால் அந்த மலை அந்த நாளில் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கணும் என்பதில் வித்தியாசம் இல்லை. ஏற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரியில் உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடியுங்கள். அவர் திரும்பலாம் என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்புங்கள். வனத்துறை அனுமதியும் அவர் மூலமாகவே எளிதாக முடியும். குளிரில் போன் சார்ஜ் பாதி நாளிலேயே இறங்கிவிடும், அப்புறம் உங்கள் மேப்பை எங்கே பார்ப்பீர்கள்?

நாகமலைப்புதுக்கோட்டை அக்கா:

நான் போன வருஷம் போய் வந்தேன். ஜீன்ஸ், காட்டன் பனியன் இரண்டையும் வீட்டில் வையுங்கள். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். என் கூட வந்த ஒருவர் காட்டன் சாக்ஸோடு நடந்தார். சாயங்காலம் கழற்றினால் விரல் வெள்ளையாகி மரத்துப் போயிருந்தது, அரை மணி நேரம் ஒருத்தர் வயிற்றில் பாதத்தை வைத்துச் சூடேற்றினோம். சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது. ராத்திரி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிற்க வையுங்கள். மேல் பக்கம்தான் முதலில் உறையும், அதனால் மூடி அடைத்துக்கொள்ளாது.

மதுரை கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம், சாங்க்ரி 1,950, உச்சி 3,800. சாங்க்ரியில் ஒரு நாள் சும்மா இருங்கள். உயரத்தால் தலைவலியோடு வாந்தி வந்தால் ஏறக்கூடாது, கூடினால் இறங்கணும். அதற்கான டயமாக்ஸ் மாத்திரை டாக்டரைக் கேட்டு மட்டும். உச்சிக்கு விடியலுக்கு முன்பே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடணும். வெயில் ஏறினால் பனி இளகும்.

பயிற்சிக்கு அழகர்கோவிலில் இருந்து நூபுர கங்கை வரை பத்து கிலோ பையோடு வாரம் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

வைகைக்கரை:

அக்கா, அண்ணன்மார்களே, நன்றி. பள்ளத்தாக்கு ஆசையை விட்டாச்சு, கைடு எடுக்கிறோம். மச்சானிடம் ஜீன்ஸ் வேண்டாம் என்றதற்குத்தான் முகம் தூக்கி வைத்திருக்கிறார், நாலு புதுசு வாங்கி வைத்திருந்தாராம். ஞாயிறு காலை அழகர்கோவில் ஏறுகிறோம். சாங்க்ரியில் கைடு கூலி ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்பார்கள், அக்கா?