மொன்றியல் தாவூக் சாண்ட்விச் ரொறன்ரோவில் எங்கே கிடைக்கும்?

பார்க்எக்ஸ் பழசு:
"ரொறன்ரோவில் கிடைக்காத லெபனான் சாப்பாடு எதுவுமே இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. பதினொரு வருடம் மொன்றியலில் இருந்துவிட்டுத் தை மாதம்தான் ஸ்காபரோ வந்தேன். அன்றிலிருந்து ஒரு சிஷ் தாவூக் சாண்ட்விச்சுக்காக அலைகிறேன். லோரன்ஸ் அவெனியூவில் விக்டோரியா பார்க் சந்தியில் தொடங்கி வார்டன் தாண்டியும் கடை கடையாக ஏறி இறங்கியாயிற்று. கேட்ட இடமெல்லாம் கம்பியில் குத்திச் சுட்ட நாலு சதுரக் கோழித் துண்டை ரொட்டிக்குள் வைத்து நீட்டுகிறார்கள். எங்கள் ஊரில் சுழலும் கோழியில் இருந்து மெல்லிசாகச் சீவுவார்கள். உள்ளிச் சோஸ் பூசி, ரோஸ் நிற டர்னிப் ஊறுகாய் வைத்து, சுருட்டி, சூட்டுத் தட்டில் அழுத்தித் தருவார்கள். மெட்ரோவில் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார், அவ்வளவு உள்ளி. அது இங்கே எங்கே கிடைக்கும்?

கடலோரம்:
அந்த நாலு சதுரத் துண்டுதான் தம்பி, சிஷ் தாவூக். சிஷ் என்றால் கம்பி. தாவூக் என்றால் கோழி. இரண்டுமே துருக்கிச் சொல். நீங்கள் பதினொரு வருடம் சாப்பிட்டது ஷவர்மா. பெய்ரூத்தில் ஆறு வருடம் குசினியில் நின்றவன் சொல்கிறேன். சரியான சாமானைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பிழை என்கிறீர்கள்.

பார்க்எக்ஸ் பழசு:
கடைப் பலகையில் சிஷ் தாவூக் என்று எழுதியிருந்தது. நான் எழுதவில்லை. விற்றவர் லெபனான்காரர். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

கடலோரம்:
பலகையில் எதையும் எழுதலாம். கம்பி எங்கே?

சொல் பொருள்:
சின்ன விளக்கம். மொன்றியலில் கோழி ஷவர்மாவையே சிஷ் தாவூக் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு அங்கிருந்து நிறையப் பேர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள், பிரெஞ்சு தெரிந்ததும் ஒரு காரணம். அவர்கள் கடை போட்ட இடத்தில் பெயர் இடம் மாறிவிட்டது. ஷவர்மா என்பதும் 'சுழற்றுவது' என்ற பொருளுள்ள துருக்கிச் சொல்லில் இருந்து வந்ததுதான். ஆகவே பழசு இங்கே "கோழி ஷவர்மா, உள்ளி கூட" என்று கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடலோரம்:
பெயர் இடம் மாறட்டும். கம்பி எங்கே என்றுதான் கேட்கிறேன்.

ஒட்டாவாக்காரன்:
எதற்கு இந்தச் சண்டை? 2024இல் எங்கள் நகர மன்றமே ஒட்டாவாவைக் கனடாவின் ஷவர்மா தலைநகர் என்று அறிவித்தது. இங்கே வாருங்கள்.

பார்க்எக்ஸ் பழசு:
ஹாலிபாக்ஸ் நகர மன்றம் 2015இல் ஷவர்மா மாதிரிச் சீவித் தரும் டொனேரை அதிகாரபூர்வ உணவாக்கியது. மன்றங்களுக்கு வேறு வேலை இல்லை. உங்கள் ஊர் ஷவர்மாவை மொன்றியலில் பூனைக்கும் வைக்க மாட்டோம்.

ஒட்டாவாக்காரன்:
போன வருடக் கொத்து ரொட்டிச் சண்டையிலும் இதே வாய்தான். அன்றைக்கு மட்டக்களப்பு, இன்றைக்கு ஒட்டாவா. நீங்கள் விட்டுவிட்டு வந்த ஊரைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் யாருக்கும் சமைக்கத் தெரியாது, அப்படித்தானே?

மடிப்பாக்கம் மணி:
மிசிசாகாவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே வெள்ளையாக ஒரு பூண்டு சாஸ் தருகிறார்களே, அது மயோனைஸ்தானே? எங்கள் ஊர் ஷவர்மாவில் மயோனைஸ்தான் வழியும். 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருடம் தடை போட்டது. இங்கே தைரியமாகச் சாப்பிடலாமா?

கடலோரம்:
மயோனைஸா! அதன் பெயர் தூம். அரபியில் தூம் என்றாலே உள்ளிதான். உள்ளி, உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். காலையில் ஒரு வாளி உள்ளி உரித்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர். ஒவ்வொரு பல்லையும் பிளந்து நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுக்க வேண்டும், விட்டால் கசக்கும். எண்ணெயை நூல் மாதிரி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் திரிந்து தண்ணீராய் ஓடும், முதலாளி அரபியில் என் பரம்பரையையே இழுப்பார். எங்கள் தாவூக் சாண்ட்விச்சில் தூம், வெள்ளரி ஊறுகாய், பொரித்த உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கும். கோழி கம்பியில் இருந்து நேரே ரொட்டிக்குள் போகும். பழசு சொல்வதில் கம்பியே இல்லை.

ஒட்டாவாக்காரன்:
சில கடைகளில் தூம் உடையாமல் இருக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். மணி கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கடலோரம்:
வெள்ளைக்கரு சேர்க்கிறவனுக்குக் கை நடுங்குகிறது என்று அர்த்தம்.

மடிப்பாக்கம் மணி:
அது என்ன சார் உள்ளி உள்ளி என்று? மலையாளத்தில் உள்ளி என்றால் வெங்காயம். பூண்டு என்று சொல்லலாமே.

பார்க்எக்ஸ் பழசு:
பூண்டு என்றால் எங்களுக்குப் புல் பூண்டு, மாடு தின்னும். இந்த ஒரு விசயத்தில் மட்டும் கடலோரம் அண்ணையின் பக்கம் நிற்கிறேன்.

கடலோரம்:
என் பக்கம் நிற்க வேண்டாம். கம்பியோடு வந்து நில்லுங்கள்.

பார்க்எக்ஸ் பழசு:
கம்பி, கம்பி! சுழலும் கோழியின் நடுவில் இருப்பது என்ன, வாழைத்தண்டா? அதுவும் கம்பிதானே!

கடலோரம்:
அது தூண். ஒரு ஆளுக்கு ஒரு கம்பி. ஒரு ஊருக்கே ஒரு தூண் என்றால் அது ஷவர்மா.

சொல் பொருள்:
நான் மேலே எழுதியதை யாராவது வாசித்தீர்களா?

பார்க்எக்ஸ் பழசு:
சனிக்கிழமை மருமகளின் பிறந்தநாளுக்கு மொன்றியல் போகிறேன். ஆறு சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருவேன். கடலோரம் அண்ணைக்கும் ஒன்று. தின்றுவிட்டுச் சொல்லட்டும்.

கடலோரம்:
540 கிலோமீற்றர் காரில் வந்த ரொட்டி ஊறிக் களியாகிவிடும். அதற்குள் கம்பியும் இருக்காது.

ஒட்டாவாக்காரன்:
திரும்பும்போது இந்தப் பக்கம் வந்தால் நான் சூடாகவே வாங்கித் தருவேன்.

பார்க்எக்ஸ் பழசு:
401 நெடுஞ்சாலையில் வரும்போது ஒட்டாவா வழியிலேயே இல்லை. தலைநகரை வழியில் கட்டியிருக்கலாம்.

மடிப்பாக்கம் மணி:
நான் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று பூண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு கப் பூண்டுக்கு எவ்வளவு எண்ணெய் சார்?

கடலோரம்:
முதலில் அதை உள்ளி என்று சொல்லுங்கள், அப்புறம் அளவு சொல்கிறேன்.

மடிப்பாக்கம் மணி:
பூண்டு.