பாயின்ட் டூ டூ பிஸ்டல் வைத்திருப்பவர்களே, உங்கள் கதையைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். இருப்பது டெக்சஸ். வேலை விசாவில் வந்த முதல் ஒன்பது வருடம் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. எச்-1பி-யில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கோழி அறுப்பதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும், இதில் வேட்டை எங்கே? கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்குப் போனேன். 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, ஒரு 9 எம்எம் பிஸ்டலோடு வெளியே வந்தேன். அதுதான் என் முதல் தப்பு.

சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் அன்றைக்கு ஐம்பது தோட்டா சுட்டேன். பாதிக்கு மேல் காகிதத்தின் இடது கீழ் மூலையில் போய் விழுந்தன. பிஸ்டலில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து லேனில் இருந்த பெரியவர் கேட்டு வாங்கி நாலு குண்டு சுட்டார். நாலும் நடுவில், காபி டம்ளர் வாய் அளவு வட்டத்துக்குள். மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய .22 பிஸ்டலை, அதாவது 0.22 அங்குலக் குழல் உள்ளதை, எடுத்து நீட்டினார்.

வழக்கமான 9 எம்எம் குண்டு ஏழரை கிராம் இருக்கும். இந்த .22 குண்டு 2.6 கிராம்தான். கையில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். தீபாவளியன்று பிஜிலி வெடியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். இரண்டு மேகசின், அதாவது தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி, முடிந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மூன்றாவதில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. ஆனால் குழலின் முனை மட்டும் படக்கென்று கீழே குனிந்தது.

வெடிக்காத துப்பாக்கி ஏன் குனிய வேண்டும்? குனிய வைத்தது என் கை. சத்தம் வரப்போகிறது என்ற பயத்தில், ட்ரிகரை இழுக்கும் அதே நொடியில் மணிக்கட்டு முன்னாலேயே அமுக்கிவிடுகிறது. வெடித்தால் அந்த அதிர்ச்சியில் இது தெரியாமல் போய்விடும்.

பெரியவர் சொன்ன முதல் வார்த்தை, "அப்படியே இலக்கைப் பார்த்துப் பிடித்துக்கொள், முப்பது விநாடி." தாமதமாக வெடிக்கக்கூடும் அல்லவா. அந்த முப்பது விநாடியும் எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்காது. விளிம்பின் மடிப்புக்குள் இருக்கும். பிஸ்டலின் ஊசி அந்த விளிம்பை நசுக்க வேண்டும். மடிப்பு முழுக்க மருந்து சீராகப் பரவாமல் போனால், அடி விழுந்த இடத்தில் மருந்தே இருக்காது. 1887-ல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா இன்றைக்கும் இந்தக் குறையோடுதான் வருகிறது. நல்லவேளை. எல்லாத் தோட்டாவும் ஒழுங்காக வெடித்திருந்தால் நான் இன்னும் அந்த 9 எம்எம்மைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்த மாதமே பிரவுனிங் பக் மார்க் என்ற .22 பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். ஒரு 9 எம்எம் தோட்டாவின் விலைக்கு மூன்று .22 தோட்டா வருகிறது. ஞாயிறு காலை இருநூறு சுட்டுவிட்டு வந்தாலும் வீட்டில் கணக்குக் கேட்பதில்லை. 9 எம்எம் பெட்டிக்குள் தூங்குகிறது.

* * *

ஓஹையோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது என்னைவிட வயதில் மூத்தது. பில் ரூகரும் அலெக்ஸாண்டர் ஸ்டர்மும் சேர்ந்து 1949-ல் கொண்டுவந்த முதல் .22 பிஸ்டல். பார்க்க ஜெர்மன் லூகர் பிஸ்டல் மாதிரி இருக்கும். உள்ளே தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் உருளையான போல்ட்டுக்கு ஜப்பானிய நம்பு பிஸ்டலைப் பார்த்துப் பாடம் படித்திருந்தார் ரூகர். அன்றைய விலை 37 டாலர் 50 சென்ட். கைப்பிடியில் சிவப்பு நிறத்தில் ஒரு கழுகு. ஸ்டர்ம் 1951-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார், அதற்கப்புறம் கழுகு கறுப்பாகிவிட்டது. அதனால் சிவப்புக் கழுகு என்றால் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றுவார்கள்.

என்னுடையது சிவப்பு. பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போகும்போது கொடுத்தார். நியாயமான விலை சொல்லுங்கள் என்றேன். அப்பா கொடுத்த விலையே போதும் என்றார். 37 டாலரை எண்ணி வைத்தேன். ஐம்பது சென்ட்டுக்காகக் கையை நீட்டியபடியே நின்றார்!

வருடத்துக்கு ஒரு தடவை, அவர் பிறந்தநாளன்று, ஒரே ஒரு மேகசின் சுடுவேன். துடைத்து, எண்ணெய் போட்டு வைத்துவிடுவேன்.

* * *

அண்ணா, அந்தக் 'குனிதல்' எனக்கும் இருந்தது. என் கணவர்தான் முதலில் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். இப்போது அவர் வீட்டில் சமைக்கிறார், நான் போட்டிக்குப் போகிறேன்.

ஸ்டீல் சேலஞ்ச் என்ற போட்டி. ஐந்து இரும்புத் தகடு, அதில் ஒன்று கடைசியாகத்தான் சுட வேண்டிய நிறுத்தத் தகடு. பீப் கேட்டதிலிருந்து ஐந்தும் முடிய எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. .22 பிஸ்டலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உறையிலிருந்து உருவ வேண்டியதில்லை, முன்னால் வைத்திருக்கும் குறியை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். அதனால் புதிதாக வருபவர்களும் பிள்ளைகளும் இதில்தான் சேருகிறார்கள். 'டிங்' என்று அந்தத் தகடு பாடுகிற சத்தத்துக்கு நான் அடிமை. காகிதத்தில் ஓட்டை விழுந்ததா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற வேலையே இல்லை.

என் முதல் போட்டியில் பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பையன் என்னைவிட எட்டு விநாடி குறைவாக முடித்தான். முடித்துவிட்டு, "மேடம், நீங்க தகட்டைப் பாக்கறீங்க. சைட்டைப் பாருங்க" என்று ஆங்கிலத்தில் அறிவுரை வேறு. சைட் என்றால் பிஸ்டல் மேல் இருக்கும் குறிபார்க்கும் முனை. கோபம் வந்தது. மறுபடி சுட்டபோது ஐந்தும் பாடின. என்ன செய்வது, பையன் சொன்னது சரி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள், கையில் ஈயம் ஒட்டியிருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டும் பெட்டி வந்த பிறகு பிஸ்டல் வரட்டும்.

* * *

என்னிடமும் ஒன்று இருக்கிறது, எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். கழற்ற இரண்டு நிமிடம், மாட்ட ஒரு சனிக்கிழமை. பிஸ்டலுக்குள் ஊசியை அடிக்கிற சுத்தியலுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குச்சி, ஸ்பிரிங்கின் வாயில் சரியாகப் போய் உட்கார வேண்டும். உட்காராது. தலைகீழாகப் பிடி, சாய்த்துப் பிடி என்று பத்து வீடியோ பார்த்தேன். இரவு பதினோரு மணிக்கு அதுவாகவே 'க்ளிக்' என்று விழுந்தது. இப்போது கழற்றுவதே இல்லை. குழலுக்குள் ஒரு துணி, வெளியே ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

* * *

நான் கோயம்புத்தூர். உங்களை எல்லாம் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கே .22-க்கு லைசென்ஸ் வேண்டும். அதனால் முதலில் காற்றழுத்தத்தில் சுடும் .177 ஏர் பிஸ்டல்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியதை டிவியில் பார்த்துவிட்டு ஆரம்பித்தவன் நான். ஐந்து இலக்கு, ஐந்து குண்டு, நாலே விநாடி, அதுவும் ஒரே கையால். அதுவும் .22 தான். கிளப் பிஸ்டலில் எனக்கு மாதம் ஒரு தடவை வாய்ப்பு வரும். இருநூறு சுட்டேன் என்று அண்ணன் சர்வ சாதாரணமாக எழுதியிருக்கிறார், எனக்கு அந்த ஒரு நாளில் கிடைப்பது இருபது தோட்டா. ஒவ்வொன்றையும் எண்ணித்தான் சுடுவேன்.

* * *

தம்பி, நீங்கள் இருபதில் கற்றுக்கொள்வதை நான் இருநூறில்கூடக் கற்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் வாருங்கள், என் பக் மார்க்கைத் தருகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் விசிட்டர் விசாவில் அல்லவா வருவீர்கள். முதலில் போய் ஒரு வேட்டை லைசென்ஸ் எடுப்போம். கோழி விஷயத்தில் நீங்கள் எப்படி?