காசிரங்காவில் யானை சவாரி: போகலாமா, ஜீப்பே போதுமா?

மலைப்பயணி:
பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு அசாம் போகிறோம். காசிரங்காவில் காண்டாமிருகம் பார்க்க யானை சவாரிதான் சரி என்கிறார் டிராவல்ஸ்காரர். மகளோ யானை மேல் ஏறவே மாட்டேன் என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
யோசிக்காமல் போங்கள் சார். ஜீப் பாதையை விட்டு இறங்காது, அங்கே புல் ஆளையே மறைக்கும். யானை நேராகப் புல்லுக்குள் நுழையும். காண்டாமிருகம் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும், பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இன்ஜின் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. 2024 மார்ச்சில் பிரதமரே அங்கே யானை மேல் ஏறித்தானே காட்டைப் பார்த்தார்!

கூடலூரான்:
யார் ஏறினாலும் யானையின் முதுகு ஒன்றுதான். அதன் முதுகெலும்பு முட்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், குதிரை மாதிரி சுமை தாங்கும் முதுகு அல்ல. அதன் மேல் மெத்தை, இருக்கை, மூன்று நான்கு பேர், பாகன். எல்லாம் சரியாமல் இருக்க வயிற்றைச் சுற்றியும் வாலுக்கு அடியிலும் கயிறு இறுக்குவார்கள். அந்த இடம் உராய்ந்து புண்ணாகும்.

ஊர்சுற்றி:
மூன்று டன் யானைக்கு நாலு பேர் ஒரு பாரமா? அதுவும் ஒரு மணி நேரம், விடிகாலையில். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பொங்கினால் பூங்காவையே மூடிவிடுவார்கள், அப்போது சவாரியே கிடையாது. வெள்ளத்தில் ரோந்து போவதும், காண்டாமிருகக் கணக்கெடுப்புக்குப் போவதும் யானை மேல்தான். 2022-ல் 2,613 என்று எண்ணினார்களே, புல்லுக்குள் வேறு எப்படி எண்ணுவது?

கூடலூரான்:
ரோந்தை யார் வேண்டாம் என்றது? காவலுக்குப் போகிற யானையையும் செல்ஃபிக்குப் போகிற யானையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் பக்கம் முதுமலையில் தெப்பக்காடு யானைகள் முகாமில் கும்கிகள் ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டப் போகின்றன. அவற்றுக்கு ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துக் கவளம் ஊட்டுவதைத் தள்ளி நின்று பார்த்தாலே பிள்ளைகளுக்குப் போதும்.

பச்சைப்புல்:
இரண்டு பேரும் பாகனை மறந்துவிட்டீர்கள். வடகிழக்கில் நிறைய யானைகள் மரம் இழுத்துப் பிழைத்தவை. 1996-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டக் கட்டுப்பாடு போட்டதும் யானைக்கும் வேலை போனது, பாகனுக்கும் போனது. சவாரியும் நின்றால் தனியார் யானைகளை யார் வைத்துச் சோறு போடுவது? ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது கிலோ தீனி வேண்டும்.

கூடலூரான்:
நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சவாரி டிக்கெட் அல்ல. பராமரிப்பை அரசு ஏற்கட்டும், பாகனுக்குச் சம்பளம் கொடுக்கட்டும்.

பச்சைப்புல்:
கொடுக்கட்டும், நல்லதுதான். அதுவரை அந்த யானை எதைத் தின்னும்?

கூடலூரான்:
அதற்காக இவர் மகளை ஏற்றிவிட வேண்டுமா? மலைப்பயணி சார், ஜனவரியிலிருந்தே வனத்துறை புல்லைக் கொளுத்த ஆரம்பித்துவிடும். நீங்கள் போகும் நேரம் பல இடங்களில் காடு வெட்டவெளியாக இருக்கும், ஜீப்பிலேயே தாராளமாகத் தெரியும்.

மலைப்பயணி:
அப்படியென்றால் ஜீப்தான். மகள் ஜெயித்துவிட்டாள்.

ஊர்சுற்றி:
உங்கள் இஷ்டம் சார், நான் அடுத்த முறையும் யானையில்தான் போவேன். ஜீப் என்றால் பூங்காவின் கோஹோரா பகுதிக்கு ஒரு நாள், அகரதோலி பகுதிக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அகரதோலியில் பறவைகள் அதிகம். காலை ட்ரிப்புக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.