‘செயலமைச்சர்’: வெளியுறவுப் பதவிப்பெயர்களுக்கு ஒரு சொல் வேண்டி

மடல் 1

குழுவினர்க்கு வணக்கம்.

உலக நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் பட்டியலைத் தமிழில் ஒழுங்குபடுத்தும்போது பெரும்பாலான நாடுகளில் சிக்கலே இல்லை. பிரான்சு, சப்பான், பிரேசில் எல்லாவற்றுக்கும் ‘வெளியுறவு அமைச்சர்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். முட்டு விழுவது ‘செயலர்’ என்ற சொல்லில்தான்.

இந்தியாவில் வெளியுறவுச் செயலர் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி. அமைச்சருக்குக் கீழே அமைச்சகத்தை நடத்துபவர். லண்டனில் ‘ஃபாரின் செக்ரட்டரி’ என்றால் அவரே அமைச்சர். அமைச்சரவையில் அமர்ந்து நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். இருவரையும் ‘வெளியுறவுச் செயலர்’ என்று எழுதினால், தில்லி–லண்டன் சந்திப்புச் செய்தியில் யார் யாருக்கு நிகர் என்பது வாசகருக்குத் தெரியாது. எஸ். ஜெய்சங்கர் 2015 ஜனவரி முதல் 2018 ஜனவரி வரை வெளியுறவுச் செயலர். 2019 மே முதல் வெளியுறவு அமைச்சர். அவரளவில் இவ்விரு சொற்களும் இரண்டு வேறு பதவிகள். பிரிட்டனில் அதே இரு சொற்களும் ஒரே ஆளைக் குறிக்கின்றன.

அமெரிக்காவில் வெளியுறவு அமைச்சரின் பட்டமான ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ இன்னும் மோசம். இயந்திர மொழிபெயர்ப்பு ‘மாநிலச் செயலாளர்’ என்கிறது. சிலர் திருத்துவதாக எண்ணி ‘அரசுச் செயலாளர்’ என்று போடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசாணைகளின் அடியில் கையெழுத்திடும் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பதவிப்பெயர் அது. மூன்றாவது வழி ‘வெளியுறவுச் செயலாளர்’. அது இந்திய அதிகாரியோடு மோதுகிறது.

என் முன்மொழிவு: செயலமைச்சர். மூலப் பட்டம் ‘செக்ரட்டரி’ என்றிருந்தும் அரசியல் பொறுப்பில் அமைச்சராக இருப்பவர் அனைவருக்கும் இது ஒன்றே. நிதியமைச்சர், இணையமைச்சர் போல ஒட்டி எழுதலாம். அமெரிக்கா, பிரிட்டன், பிலிப்பீன்சு, மெக்சிக்கோ நான்கிலும் வெளியுறவை நடத்துபவரின் பட்டம் ‘செக்ரட்டரி’ வகைதான். எனவே ஒரு நாட்டுக்காக மட்டும் உருவாக்கும் சொல் அல்ல இது.

மடல் 2

> சிக்கலே இல்லை. ... ‘வெளியுறவு அமைச்சர்’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

வணக்கம். இலங்கையிலிருந்து பார்த்தால் அங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது ஐயா. எங்கள் பத்திரிகைகளில் ‘வெளிவிவகார அமைச்சர்’ என்பதே நிலைத்த வழக்கு. அரச ஆவணங்களில் ‘வெளிநாட்டலுவல்கள் அமைச்சு’. 1994 முதல் 2001 வரையும் மீண்டும் 2004, 2005இலும் அப்பதவியிலிருந்த லக்ஷ்மன் கதிர்காமரை இங்கே வெளிவிவகார அமைச்சர் என்றே எழுதிப் பழக்கம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; 1965 முதல் 1980 வரை பதவியில் இருந்தார். அவரை இலங்கை ஏடு ஒரு பெயரால் எழுதும், சிங்கப்பூர் ஏடு இன்னொரு பெயரால் எழுதும். பதவி ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ‘விவகாரம்’ என்றால் வம்பு, வழக்கு என்ற வாடை அடிக்கிறது என்பதை அறிவேன். இங்கே அந்த வாடை இல்லை. அலுவல் என்ற பொருளில்தான் நிற்கிறது. ஆகவே பொதுப் பட்டியலுக்கு ‘வெளியுறவு’ என்பதை ஏற்கலாம். ‘வெளிவிவகாரம்’ பிழை என்று குறிப்பெழுத வேண்டாம், இணைவழக்கு என்று எழுதுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: முந்தைய இழையில் ஒருவர் ‘அயலுறவு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார். தயவுசெய்து வேண்டாம். தமிழ்நாட்டில் அயல்நாடு என்றால் எந்த வெளிநாடும். எங்களுக்கு அயல் என்றால் பக்கத்து வீடு. அயலவர் என்றால் அண்டை வீட்டார். ‘அயலுறவு அமைச்சர்’ என்று படித்தால் இந்தியாவையும் மாலைதீவையும் மட்டும் கவனிப்பவர் என்றே இங்கு தோன்றும்.

‘இராஜாங்கச் செயலாளர்’ என்ற சொல்லையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்கப் பதவிக்கு எங்கள் ஏடுகள் பல காலமாக இதையே எழுதுகின்றன. ‘இராஜாங்கத் திணைக்களம்’ என்று அதன் அலுவலகத்தையும். மூலத்துக்கு நெருக்கமானது, மாநிலத்தோடு மயங்காது. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு: 2024 வரை எங்களிடம் இருந்த ‘இராஜாங்க அமைச்சர்’ அமைச்சரவைக்கு வெளியே நின்றவர், இந்தியாவின் இணையமைச்சரைப் போல. ஒரே ‘இராஜாங்க’ என்ற அடைமொழி வாஷிங்டனில் மேலேயும் கொழும்பில் கீழேயும் நிற்கிறது.

மடல் 3

‘செயலமைச்சர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு முன், அந்தச் சொல் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரிக்க வேண்டும்.

பொதுப்பெயராக வெளியுறவு அமைச்சர் போதும். இது என் விருப்பம் மட்டுமன்று, பன்னாட்டுச் சட்டமே அப்படித்தான் பேசுகிறது. 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைச் சட்ட ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, நாட்டுத் தலைவர், அரசுத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவருக்கும் தனி அதிகாரப் பத்திரம் காட்டாமலே தம் நாட்டுக்காக உடன்படிக்கை செய்யும் தகுதி உண்டென்கிறது. வாஷிங்டனின் செக்ரட்டரியும் அந்த மூன்றாவது சொல்லுக்குள்தான் அடங்குகிறார். அவருக்கென்று தனி வரி எழுதப்படவில்லை. 1961ஆம் ஆண்டின் தூதரக உறவு ஒப்பந்தமும் அப்படியே. தூதர் நாட்டுத் தலைவருக்கு நற்சான்று தருகிறார். பொறுப்புத் தூதர் வெளியுறவு அமைச்சருக்குத் தருகிறார். காங்கோவின் வெளியுறவு அமைச்சருக்கு எதிராகப் பெல்ஜியம் பிறப்பித்த பிடியாணை வழக்கில், 2002 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் வகுத்த சட்டக்காப்பும் (பிற நாட்டுக் கைது, வழக்கிலிருந்து விலக்கு) பதவி வகிக்கும் வெளியுறவு அமைச்சர் எவருக்கும் உரியது. அவருடைய பட்டம் என்ன என்று அது பார்ப்பதில்லை.

இந்தப் பொதுப்பெயருக்குப் பதிலாக ‘வெளியுறவுத் தலைவர்’ என்று எழுதலாம் என்றொரு யோசனையும் வந்திருக்கிறது. சீனாவைக் கொண்டு அதைச் சோதித்துப் பாருங்கள். 2023இன் முதல் பாதியில் வெளியுறவு அமைச்சர் சின் காங். ஆனால் கட்சியின் மத்திய வெளியுறவு ஆணைய அலுவலகத்தை நடத்திய வாங் யி அவருக்கு மேல் நின்றார். ‘தலைவர்’ என்றால் வாங் யி. உடன்படிக்கைச் சட்டத்தின் கண்ணில் சின் காங். சூலையில் வாங் யியே மீண்டும் அமைச்சரானதால் இரண்டும் ஒன்றாயின. சொல் அப்படித் தற்செயலாகப் பொருந்தக் கூடாது. ‘வெளியுறவுப் பொறுப்பாளர்’ என்பதும் உதவாது: தமிழ்நாட்டில் ‘பொறுப்பு’ என்று பதவிக்குப் பக்கத்தில் வந்தாலே தற்காலிகம்தான்.

சரி, பொதுப்பெயர் இருக்கும்போது பட்டத்துக்கு ஏன் தனிச்சொல்? ஒரே ஓர் ஆவணம் போதும். 1974 ஆகஸ்டு 9 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் எழுதிய பதவி விலகல் கடிதம் ஒற்றை வாக்கியம். அது அப்போதைய ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ கிசிஞ்சருக்கு எழுதப்பட்டது. ‘அதிபர் தன் விலகலை வெளியுறவு அமைச்சரிடம் அளித்தார்’ என்று தமிழில் எழுதினால், வெளிநாட்டு விவகாரம் பார்ப்பவரிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று வாசகர் திகைப்பார். காரணம் 1789இல் இருக்கிறது. அவ்வாண்டு சூலையில் அமைக்கப்பட்டது வெளியுறவுத் துறைதான். செப்டம்பரிலேயே நாடாளுமன்றம் அதன் பெயரை மாற்றி, சட்டங்களைக் காப்பதும் வெளியிடுவதும் பெருமுத்திரையை வைத்திருப்பதுமான உள்நாட்டு அலுவல்களையும் அதன் மேல் ஏற்றியது. அதனால்தான் பெயர் ‘ஸ்டேட்’ ஆயிற்று: அரசின் அலுவல் முழுவதும். பெருமுத்திரை இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதிபரின் விலகல் கடிதமும் சட்டப்படி அங்கேதான் போக வேண்டும்.

சொல்லின் வேரையும் சொல்லிவிடுகிறேன். ‘செக்ரட்டரி’ என்பதன் உள்ளே இருப்பது இலத்தீனின் ‘இரகசியம்’. மன்னனின் மறை காப்பவன். நம் ‘மந்திரி’யின் உள்ளே இருக்கும் மந்திரமும் மறைவான ஆலோசனைதான். சோழர் கல்வெட்டுகளில் அரசாணையை ஓலையில் வரைபவர் ‘திருமந்திர ஓலை’. அவருக்கு மேலே ‘திருமந்திர ஓலை நாயகம்’. அந்த வேரைப் பார்த்தால் செயலரை விட மந்திரியே நெருக்கம். ‘அரச மந்திரி’ என்று வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் இராஜாங்க அமைச்சரோடு உடனே மோதும். ஆகவே செயலமைச்சருக்கே என் ஆதரவு.

மடல் 4

ஒரு மறுப்பு. தமிழ்நாட்டுக் கட்சிகளில் ‘செயல் தலைவர்’ உண்டு. தலைவர் இருக்கும்போதே அன்றாட வேலையைப் பார்ப்பவர் அவர். ‘செயலமைச்சர்’ என்றால் அமைச்சருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர் என்று படிக்க மாட்டார்களா?

மற்றபடி ஜெர்மனியை விட்டுவிட்டீர்கள். அங்கே ‘ஸ்டாட்ஸ்செக்ரெட்டேர்’ உண்மையிலேயே அதிகாரி, நம் செயலரைப் போல. வெளியுறவு அலுவலகத்தில் ‘ஸ்டாட்ஸ்மினிஸ்டர்’ என்பவரோ நாடாளுமன்ற உறுப்பினர், இணையமைச்சருக்கு ஒப்பு. பெயரை மட்டும் பார்த்து ‘செயலமைச்சர்’ போட்டால் அங்கே தவறாகிவிடும். இலத்தீன் அமெரிக்காவில் இன்னொரு பொறி: ‘சான்சலர்’ என்பதன் எசுப்பானிய வடிவமான ‘கன்சிய்யேர்’ என்றால் வெளியுறவு அமைச்சர். ஜெர்மனியின் சான்சலரை நினைத்து அர்ஜென்டினாவுக்குப் பிரதமர் ஒருவரைப் படைத்துவிடாதீர்கள்.

மடல் 5

> அமைச்சருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர் என்று படிக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி. இரண்டு காரணங்களால் அந்த மயக்கம் சிறியது. ‘செயல் தலைவர்’ பிரித்தே எழுதப்படுகிறது. இதை ஒருபோதும் பிரிக்கக் கூடாது என்று விதியாகவே வைக்கலாம். இரண்டாவது, தற்காலிகப் பதவிக்கு நிலைத்த சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன: தமிழ்நாட்டில் ‘பொறுப்பு’, இலங்கையில் ‘பதில் அமைச்சர்’. அந்த இடத்துக்கு ‘செயல்’ போட்டியிடவில்லை.

ஜெர்மனி பற்றிய எச்சரிக்கை மிகச் சரி. எனவே சோதனை பட்டத்தின் ஓசையில் இருக்கக் கூடாது, இருக்கையில் இருக்க வேண்டும். அவர் அமைச்சரவையில் துறையின் அரசியல் பொறுப்பை ஏற்பவரா? ஆம் என்றால் செயலமைச்சர். ஆட்சி மாறியும் அலுவலகத்தில் நீடிக்கக்கூடிய அதிகாரியா? அப்படியானால் செயலர்.

இந்தச் சோதனை பிரிட்டனில் நல்ல பயன் தருகிறது. அங்கே ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்பது சட்டத்தில் ஒரே பதவி. பல அமைச்சர்கள் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சட்டங்களில் துறைப்பெயர் இல்லாமல் வெறுமனே அப்படித்தான் வரும். புகலிடக் கோரிக்கை நிராகரிப்புக் கடிதத்தில் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்று இருந்தால் அவர் உள்துறைக்கானவர். அதை ‘வெளியுறவு அமைச்சர்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால், கடிதத்தை வாங்கிய தமிழ்க் குடும்பம் மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு யார் என்றே தவறாகப் புரிந்துகொள்ளும். ‘செயலமைச்சர்’ என்று மட்டும் போட்டால் தவறே நேராது. துறை தெரியும்போது முன்னால் சேர்க்கலாம்.

ஆக, பட்டியலுக்கு இப்படி வைக்கிறேன். தலைப்பிலும் செய்தி நடையிலும் எல்லா நாட்டுக்கும் வெளியுறவு அமைச்சர், இணைவழக்கு வெளிவிவகார அமைச்சர். பட்டத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் அமெரிக்காவுக்கு அரசுச் செயலமைச்சர், பிரிட்டன், பிலிப்பீன்சு, மெக்சிக்கோவுக்கு வெளியுறவுச் செயலமைச்சர். ஜார்ஜியா போன்ற அமெரிக்க மாநிலங்களில் தேர்தலை மேற்பார்க்கும் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’டுக்கு மட்டும் மாநிலச் செயலர், இயந்திரம் சரியாகச் சொல்லும் ஒரே இடம் அது. ஐரோப்பிய ஒன்றியம் நாடு அன்று, எனவே அதன் வெளியுறவைப் பார்க்கும் உயர் பிரதிநிதி அப்பெயரிலேயே தனி வரிசையில் நிற்பார். வத்திக்கானில் கவனம்: கர்தினால் செயலர் ஆட்சி முழுவதையும் பார்ப்பவர், பிற நாடுகளோடான உறவுக்கென்று அவருக்குக் கீழே வேறொரு செயலர் இருக்கிறார். பட்டியலில் வர வேண்டியவர் அந்த இரண்டாமவர்.

‘வெளி’ என்பதை நாம் வைத்துக்கொள்வதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. கனடா 1909 முதல் 1993 வரை தன் துறையை ‘எக்ஸ்டர்னல்’ என்றே அழைத்தது. ஆத்திரேலியாவும் 1970 வரை அப்படியே. பிரிட்டனும் பிற காமன்வெல்த் நாடுகளும் அவர்களுக்கு அந்நியம் இல்லை, வெளியே இருப்பவை மட்டுமே. இந்தியா இன்றும் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறது. அயல், அந்நியம் இரண்டையும் விட ‘வெளி’ அதற்கு அளவாகப் பொருந்துகிறது.

தீராமல் நிற்பது கீழ்ப்படிகள். ‘டெபுடி செக்ரட்டரி’க்குத் துணைச் செயலமைச்சர் என்று வைத்துவிடலாம். ‘அண்டர் செக்ரட்டரி’யில்தான் கை நிற்கிறது. தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்தில் அதற்கு ‘சார்புச் செயலாளர்’ என்று பெயர்; இணை, துணைச் செயலாளர்களுக்கும் கீழே உள்ள படி. வாஷிங்டனில் அரசியல் விவகாரங்களுக்கான ‘அண்டர் செக்ரட்டரி’ துறையின் மேல்மட்டத்தில், துணைச் செயலமைச்சருக்கு அடுத்த படியில் இருப்பவர். லண்டனிலோ ‘பெர்மனன்ட் அண்டர் செக்ரட்டரி’ என்பவரே அதிகாரிகளில் முதலாமவர், தில்லியின் வெளியுறவுச் செயலருக்கு நேர் நிகர். லண்டனுக்கு ‘நிலைச் செயலர்’ என்று எழுதிப் பார்த்தேன், நிற்கிறது. வாஷிங்டனுக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘சார்பு’ இல்லாத ஒன்றாக இருக்கட்டும்; தோன்றுபவர் எழுதுங்கள்.