தேக்கில் 12 அடித் துண்டுதான் மிச்சம்: முழு உயரம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர்:
தோட்டத்துத் தேக்கு ஒன்று சூறைக்காற்றில் சாய்ந்துவிட்டது. நான் ஊரில் இல்லாத நேரத்தில் வியாபாரி மேல்பக்கத்தை அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 'மொத்தமே 35 அடிதான்' என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. கிடப்பது 12 அடி அடித்துண்டு. பட்டையோடு சுற்றளவு: அடியில் 60 அங்குலம், நாலரை அடியில் 48, மேல் முனையில் 44. 12 அடிக்கு 16 அங்குலம் குறைகிறது என்று வைத்தால் 45 அடி வருகிறது. சரியா?

பதில் 1:
அடி அளவைச் சேர்க்காதீர்கள் அண்ணே. வேர் பிரிகிற இடம் புடைத்துத்தான் இருக்கும். நாலரை அடிக்கு மேல் மட்டும் பாருங்கள்: ஏழரை அடிக்கு 4 அங்குலம்.

கேட்டவர்:
அப்படிப் போட்டால் 94 அடி வருகிறதே தம்பி! வியாபாரி சிரிப்பார்.

பதில் 2:
சிரிக்கத்தான் செய்வார். இரண்டு பேருமே மரத்தைக் கூம்பாக நினைக்கிறீர்கள். உச்சிதான் ஏறக்குறைய கூம்பு. நடுமரம் மெதுவாகச் சிறுக்கும். அங்கே சுற்றளவின் வர்க்கம்தான் உயரத்தோடு சீராகக் குறையும். 48-இன் வர்க்கம் 2304, 44-க்கு 1936. ஏழரை அடியில் 368 குறைகிறது, அடிக்கு 49. மிச்சமுள்ள 1936 தீர இன்னும் 39 அடி. 12-ஐக் கூட்டினால் 51.

ஆனால் டேப்பை மறுபடி பிடியுங்கள். மேல் முனை 44 இல்லை, 44½ என்றால் விடை 58-க்குத் தாவிவிடும். கணு இருக்கும் இடத்தில் அளந்தாலும் போச்சு. (தென்னை, பனைக்கு இதெல்லாம் செல்லாது. அவை வருஷா வருஷம் பருக்கிற சாதி இல்லை.)

பதில் 3:
கணக்கு கிடக்கட்டும். கூடவே நட்ட தேக்கு ஏதாவது நிற்கிறதா? நாலரை அடியில் 48 அங்குலத்துக்குப் பக்கமாக இருந்தால் அதன் நிழலை அளந்துவிடுங்கள், அதே நேரத்தில் 6 அடிக் கம்பின் நிழலையும். தரை சமமாக இருக்கணும்.

இன்னொன்று, உயரம் முழுக்க விலைக்கு ஆகாது. சுற்றளவில் கால்பங்கை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கித்தான் கன அடி போடுவார்கள். 24 அங்குலத்துக்குக் கீழே சிறுத்ததை விட்டுவிட்டு, அதுவரைக்குமான நீளத்தைக் கேளுங்கள்.

கேட்டவர்:
அதே வரிசையில் 47, 49 அங்குலத்தில் இரண்டு நிற்கின்றன. கம்பு நிழல் 4 அடி, மர நிழல்கள் 36, 38. ஆக 54, 57 அடி. மேல் முனையை மறுபடி அளந்தேன், 44¼. அந்த வர்க்கக் கணக்கிலும் 54 வருகிறது! 24 அங்குலம் வரைக்கும் என்றால் என் துண்டுக்கு மேலே 30 அடி. அவர் சொல்வதோ உச்சி வரைக்கும் சேர்த்தே 23.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், நிற்கிற மரத்தடிக்கு.